21 வருடம் கழித்து வீடு திரும்பியவர்

என் வீட்டுக்காரர் பாதையில் நடக்க மாட்டார். ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து தோட்டத்துக் கடை வரைக்கும் மூன்று தலைமுறை நடந்து தேய்த்த செம்மண் தடம் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் வழுக்கும், மற்றபடி குறையில்லாத பாதை. அவர் அதைவிட்டு இரண்டடி தள்ளி, லாலான் புல்லுக்குள்தான் நடப்பார். காலை உயரத் தூக்கி, முன்பாதத்தை மெல்ல ஊன்றி, பிறகுதான் குதிகாலை இறக்குவார். வீடு வந்து சேரும்போது கால்சட்டை முழுக்க ஒட்டுப்புல் குத்தியிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவருக்குப் பின்னாலேயே அதேபோல் நடந்து காட்டிச் சிரிப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் என் வகுப்புப் பிள்ளைகள். தமிழ்ப்பள்ளி ஆசிரியையான என்னால் அவர்களைக் கண்டிக்கவும் முடியவில்லை, சேர்ந்து சிரிக்கவும் முடியவில்லை.

1990 மார்ச் மாதம், மலேசிய ராணுவத்தின் ரெஞ்சர் படையில் 21 வருட சேவையை முடித்துக்கொண்டு சார்ஜனாக வீடு திரும்பினார். அப்போது அவருக்கு நாற்பது வயது. எங்களுக்குத் திருமணமாகிப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது மூன்று வருடம்கூட இருக்காது. விடுமுறைக்கு வருவார், பிள்ளைகளுக்குச் சாமான் வாங்கித் தருவார், போய்விடுவார். நிரந்தரமாக ஒரு மனிதர் வீட்டில் இருப்பது எனக்கும் புதிது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அதனால்தான், பிற்பாடு இதே நிலைமையில் என்னைத் தேடி வந்த பெண்களிடம் சொன்னதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். அவர்களில் ஒருத்தியின் கணவர் போஸ்னியா போய் வந்தவர், இன்னொருத்தியின் கணவர் லெபனானில் ஐ.நா. அமைதிப் படையில் இருந்தவர். நாடு மாறினாலும் கதை பெரிதாக மாறவில்லை.

எங்கள் ஊர் மலேசியாவில் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட். இந்த ஊரைச் சொன்னாலே வரலாறு படித்தவர்களுக்கு 1948 ஜூன் 16 நினைவுக்கு வரும். அன்று காலை எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்கார துரைமார்கள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் நாடு முழுக்க அவசரகாலம். அது 1960இல் முடிந்ததாக அறிவித்தார்கள். 1968இல் தாய்லாந்து எல்லையில் குரோ–பெத்தோங் சாலையில் நடந்த பதுங்குத் தாக்குதலோடு சண்டை மறுபடியும் ஆரம்பித்தது. அடுத்த வருடம் என் வீட்டுக்காரர் போர்ட் டிக்சனில் பயிற்சிக்குச் சேர்ந்தார். கடைசியாக 1989 டிசம்பர் 2ஆம் தேதி, தாய்லாந்தின் ஹாட்யாயில் ஒரு ஹோட்டலில் அரசாங்கத்துக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, அவர் பிறக்கப்போகும் ஊரிலேயே தொடங்கிய சண்டை அவருடைய 39ஆம் வயதில் முடிந்தது. முகாமில் ரேடியோவில் அந்தச் செய்தியைக் கேட்டவர்கள் கைதட்டினார்களாம். இவர் போய்ப் படுத்துக்கொண்டாராம். இதை அவரோடு படையில் இருந்த நண்பர்தான் எனக்குச் சொன்னார்.

முதல் ஆறு மாதம் நான் செய்த பெரிய தவறு, அவர் பேசுவார் என்று காத்திருந்தது. காட்டில் என்ன பார்த்தீர்கள், ஏன் தூங்கவில்லை என்று சோறு போடும்போதெல்லாம் கேட்பேன். ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்து எழுந்துவிடுவார். கேட்கக் கேட்க வேகம் கூடியது, நான்கு நிமிடமானது. பேச வைத்தால் மனம் லேசாகும் என்று யாரோ எழுதியதைப் படித்துவிட்டு நானும் தோண்டிக்கொண்டிருந்தேன். தோண்டினால் கிணறு வரும் என்பது எல்லா மண்ணுக்கும் பொருந்தாது.

கேட்பதை விட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் சில விஷயங்கள் புரிந்தன. நான் வாங்கி வைத்த வாசனைச் சோப்பைத் தொடாமல், துணி துவைக்கும் சோப்பில் குளித்தார். எனக்குக் கோபம். பிறகு தெரிந்தது, காட்டில் வாசனை தூரம் போகும் என்பதால் ரோந்து போகும் வாரங்களில் அவர்கள் சோப்பே போட மாட்டார்கள். இரவில் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். விடியற்காலை நான்கு மணிக்கு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் தலை விளக்குகள் ரப்பர் மரங்களுக்கு இடையே வரிசையாக நகரும்போது, எழுந்து சுவரோரம் நின்றுகொள்வார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். அவருடைய தாயாரும் அந்த விளக்கைக் கட்டிக்கொண்டுதான் பால் வெட்டும் நிரைக்குப் போனார். ஆனாலும் மரங்களுக்கு நடுவே அசையும் வெளிச்சம் அவருக்கு வேறு ஒன்றாகிவிட்டிருந்தது.

பாதை விஷயம் இரண்டு வருடம் கழித்துத்தான் விளங்கியது. எல்லைக் காட்டில் கண்ணிவெடி புதைப்பது பாதையில்தான். நடந்து தேய்ந்த தடமா, அங்கே கால் வைக்காதே. இதுதான் அவர் 19 வயதில் கற்றுக்கொண்ட பாடம். அவருக்கு முன்னால் நடந்தவர் ஒருநாள் மறந்துபோய்த் தடத்தில் கால் வைத்தார். ஒரு கால் போயிற்று. அவர் தெலுக் இந்தானில் இருக்கிறார், இப்போதும் தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புகிறார்.

மாமியாரிடம் நான் மெதுவாக, டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். "என் பிள்ளையைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பார்க்கிறாயா?" என்று அழுதுவிட்டார். பேராக் மாநிலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மனநல மருத்துவமனை இருக்கும் அந்த ஊரின் பெயரே எங்களிடம் வசைச்சொல். சிறுபிள்ளைகள் சண்டை போட்டால்கூட "நீ தஞ்சோங் ரம்புத்தான்" என்றுதான் ஏசிக்கொள்வார்கள். மாமியார் முனியாண்டி கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார். நான் எதிர்க்கவில்லை. கயிறு என்ன செய்ததோ தெரியாது, வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் மற்ற ஆண்களோடு கோயில் திண்ணையில் உட்கார்ந்து வந்தார். அது நல்லதைச் செய்தது.

டாக்டர் விஷயத்தில் நான் கண்டுபிடித்த குறுக்குவழி இது. "மனநிலை" என்ற சொல்லை எடுக்கவே கூடாது. "தூக்கம் வரவில்லை, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்" என்று சொல்லி அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். தூக்கத்தில் தொடங்கினால் நல்ல டாக்டர் தானாகவே மற்றதைக் கேட்பார். எங்களுக்கு அமைந்தவர் ஓர் இளம் மலாய்ப் பெண் டாக்டர், அவருடைய அப்பாவும் ராணுவத்தில் இருந்தவராம். அவர் கதவைச் சாத்திவிட்டு இவரோடு முக்கால் மணி நேரம் இருந்தார். வெளியே வந்து என்னிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: இவரைப் பின்னாலிருந்து தொட்டு எழுப்பாதீர்கள், கால்மாட்டில் நின்று பெயர் சொல்லி எழுப்புங்கள். அன்றிலிருந்து அப்படியே செய்தேன். அதற்கு முன்பு ஒருமுறை தோளைத் தொட்டு எழுப்பி, கை மணிக்கட்டு வீங்கி நான்கு நாள் கரும்பலகையில் எழுத முடியாமல் இருந்திருக்கிறேன். பள்ளியில் கேட்டவர்களிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன்.

தீபாவளி இன்னொரு கண்டம். எங்கள் பையன்கள் மூங்கிலில் கார்பைட் போட்டுப் பீரங்கி வெடிப்பார்கள். முதல் வருடம் அவர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அடுத்த வருடம் பையன்களைக் கூப்பிட்டு, வெடிக்கப்போகும் நேரத்தை எங்கள் வீட்டில் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றேன். அவர்களும் பெரிய மனிதர்கள்போல வந்து, "மாமா, ஏழரைக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஏழேகாலுக்கு இவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய், மூங்கிலின் சாய்வு சரியில்லை என்று திருத்தினார். சத்தம் அவரை அவ்வளவாக வாட்டவில்லை, எப்போது வரும் என்று தெரியாததுதான் வாட்டியது.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லாரும் தடுக்கி விழுவது அங்கேதான்.

ராணுவத்திலிருந்து வந்தவர் என்றால் எல்லாரும் நீட்டுவது ஜாகா வேலை, அதாவது காவல்காரர் வேலை. துப்பாக்கி பிடிக்கத் தெரியும், விழித்திருக்கத் தெரியும், அப்புறம் என்ன? இவரும் ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு ஜாகாவாகச் சேர்ந்தார். எட்டு மாதம். இருட்டில் தனியாக, வேலிக்கு வெளியே அசைவதைப் பார்த்தபடி பன்னிரண்டு மணி நேரம். எதை விட்டுவிட்டு வந்தாரோ அதையே சம்பளம் கொடுத்துத் திருப்பித் தந்தார்கள். சம்சு என்ற மலிவுச் சாராயம் குடிக்கப் பழகியதும் அப்போதுதான். காட்டிலிருந்து வந்தவருக்கு முதல் வேலையாக இரவு வேலை வேண்டவே வேண்டாம் என்பேன். சம்பளம் குறைந்தாலும் பகல் வேலை, நாலு பேர் முகம் பார்க்கும் வேலை.

அடுத்தது பணம். ஓய்வு பெறும்போது பணிக்கொடை, ஆயுதப் படைச் சேமநிதி என்று ஒரு தொகை கைக்கு வரும். தோட்டத்தில் அப்படி மொத்தமாகப் பணம் பார்த்தவர் யாரும் கிடையாது. பணம் வந்த வாசனை எப்படித்தான் பரவுமோ, மூன்று மாதத்தில் ஒரு சொந்தக்காரர் கூட்டு லாரி வியாபாரத்துக்கு வந்தார். இவர் 11,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், போட்டார். லாரியையும் அந்தச் சொந்தக்காரரையும் சேர்த்துத் தொலைத்தோம். ஏன் ஏமாந்தார் என்று பின்னால் யோசித்தேன். 21 வருடம் பக்கத்தில் நின்றவனை நம்பித்தான் உயிரோடு இருந்திருக்கிறார். கூட்டாளி என்று ஒருவன் சொன்னால் அந்தச் சொல்லுக்கு அவரிடம் வேறு பொருள். ஊரில் அதற்கு இருக்கும் பொருள் அவருக்குத் தெரியாது. இப்போது கேட்பவர்களிடம் நான் சொல்வது: ஒரு வருடம் அந்தப் பணத்தை நிரந்தர வைப்பில் போட்டுவிடுங்கள், கேட்கிறவர்களிடம் வீட்டுக்காரி விடமாட்டேன் என்கிறாள் என்று சொல்லச் சொல்லுங்கள். பொல்லாதவள் என்று பெயர் வரும். வரட்டும்.

படையை விட்டு வருவதற்கு முன்பு சுங்கை பூலோவில் மறுவாழ்வுப் பயிற்சி தருவார்கள். வெல்டிங், குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பது, இப்படிப் பல. பலர் அதை ஓய்வு எடுக்கும் மாதங்களாக நினைத்துப் பெயருக்குப் போய் வருவார்கள். இவரும் அப்படித்தான் போனார். ஆனால் படையில் வாங்கிய கனரக வாகன உரிமம் கையில் இருந்தது. அதுதான் கடைசியில் காப்பாற்றியது.

1992இல் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பள்ளி வேன்காரர் தொழிலை விட்டார். பழைய வேன், பின்கதவைக் கயிற்றால்தான் கட்டியிருந்தது. மிச்சமிருந்த பணத்தில் அதை வாங்கலாம் என்று சொன்னது நான்தான். அவருக்கு விருப்பமில்லை. "சார்ஜனாக இருந்தவன் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதா?" என்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் விடிவதற்கு முன்பு வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்து வாழ்க்கைக்கும் ராணுவத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு, பெரட்டு. விடியலில் எல்லாரும் களத்தில் நிற்க, தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் வாசிப்பார், வேலை பிரித்துக் கொடுப்பார். இவர் தோட்டத்துப் பெரட்டிலிருந்து படைப் பெரட்டுக்குப் போனவர். வீட்டுக்கு வந்த பிறகுதான் வாழ்க்கையில் முதல் முறையாகக் காலையில் அவர் பெயரை யாரும் வாசிக்கவில்லை. நான் அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவருக்குத் தேவைப்பட்டதோ ஐந்தே முக்காலுக்கு அவர் வராவிட்டால் வழியில் நிற்கப்போகும் சில பேர்.

சட்டைப் பையில் ஒரு 555 புத்தகம் வைத்திருப்பார். மளிகைக் கடைக் கடன் எழுதுவோமே, அதே உள்ளங்கை அகலப் புத்தகம். அதில் பிள்ளைகளின் பெயர், லய நம்பர், ஏறும் நேரம். ஏறியதும் ஒரு புள்ளி, இறங்கியதும் புள்ளி மேல் கோடு. எந்தப் பிள்ளைக்கு இளைப்பு, யார் பசியாறாமல் வருகிறார்கள் என்பதும் அதில் இருக்கும். பசியாறாதவர்களுக்கு முன் இருக்கையில் ராணுவ பிஸ்கட்போல ஒரு டின் நிறைய ரொட்டி. "சோல்ஜர் மாமா வேன்" என்று பெயர் வந்துவிட்டது. குடி ஒரே நாளில் நிற்கவில்லை. ஆனால் காலையில் வாயில் வாடை இருந்தால் சிறு பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள் என்பதால், முதலில் வார நாட்களில் நின்றது. சனிக்கிழமைக் குடி நிற்க இன்னும் நான்கு வருடம் ஆனது.

என் பெரியப்பாவைப் பற்றி இங்கே சொல்லத் தோன்றுகிறது. அவர் கெடாவில் பீடோங் பக்கம் பால் வெட்டியவர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மா வரைக்கும் போய், தோற்றுத் திரும்பியவர். பென்ஷன் இல்லை, பதக்கம் இல்லை, சேவைச் சான்று என்று ஒரு துண்டுத் தாள் இல்லை. ஆனால் அவர் தனியாகத் திரும்பவில்லை. அந்த வட்டாரத்தில் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள், 1947இல் போலீசோடு மோதல்வரை போனது. அவருக்கு வந்தவுடன் செய்ய ஒரு வேலையும், கூட நிற்க ஆட்களும் இருந்தார்கள். பிறகு, அதே இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவரும் தொழிற்சங்கத் தலைவருமான எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்த வாரம் பெரியப்பா தன் படைத் தொப்பியைக் கொல்லையில் புதைத்தார். கடைசிக் காலத்தில் என் வீட்டுக்காரரைப் பார்த்தால், தங்கப்பல் தெரியச் சிரித்து விறைப்பாக சல்யூட் அடிப்பார். இருவரும் ஒன்றும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஒருமுறை இரண்டு பேரும் ஒரு மதியம் முழுக்கச் சேர்ந்து என் தையல் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டினார்கள். ஒரு திருகாணி மிஞ்சியது.

தாள் என்று சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்களுக்கு இது அலுப்பு, வீட்டுப் பெண்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சாதாரணப் பதவியில் இருப்பவர்களுக்கு 21 வருடம் முடித்தால்தான் ஓய்வூதியம். எங்கள் லயத்திலேயே 12 வருடத்தில் கோபித்துக்கொண்டு விலகியவர் ஒருவர் இருந்தார். அவருக்கு ஓய்வூதியம் இல்லை. அப்படிப்பட்டவர்களும் முன்னாள் படைவீரர்கள்தான். தற்காப்பு அமைச்சின் கீழுள்ள முன்னாள் படைவீரர் நலன் இலாகாவில் பதிவு செய்துகொண்டால், வசதி குறைந்தவர்களுக்கு உதவிகள் உண்டு. 2012இல் இவர்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது. ஆனால் பதிவு இல்லாதவரைத் தேடி எந்த இலாகாவும் தோட்டத்துக்குள் வராது.

பெயர் எழுத்து இன்னொரு தலைவலி. நம் பெயர்களை மலாய்க்காரக் குமாஸ்தா ஒருவிதமாகவும், சீனக் குமாஸ்தா ஒருவிதமாகவும், தோட்டத்துக் கிராணி ஒருவிதமாகவும் எழுதியிருப்பார்கள். இவருடைய அப்பா பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, சேவைப் புத்தகத்தில் இன்னொன்று. மூன்றும் ஒரே மனிதர்தான் என்று சத்தியப் பத்திரம் வாங்க ஏழு முறை பஸ் ஏறினேன். உயிரோடு இருக்கும்போதே இதைச் சரிசெய்துவிடுங்கள். கணவருக்குப் பின் ஓய்வூதியம் மனைவிக்கு மாற வேண்டிய நேரத்தில் இந்த ஓர் எழுத்துதான் குறுக்கே நிற்கும்.

காயம்பட்டால் அன்றே மருத்துவப் பதிவில் ஏற வேண்டும். இவருக்கு இடது காது அரைவாசி கேட்காது. வெடிச் சத்தத்தில் போனது. அப்போது படை மருத்துவ உதவியாளரிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். விலகும் முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையிலும் அதே "ஒன்றுமில்லை". பதிவு இல்லாததால் அந்தக் காதுக்கு இழப்பீடு கேட்க வழியில்லாமல் போயிற்று. இன்னும் படையில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: வீரத்தை வேறு எங்காவது காட்டுங்கள், டாக்டரிடம் வேண்டாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை போட்டார்கள், லயங்களை இடித்தார்கள். நாங்கள் பட்டணத்தில் ஒரு மலிவு வீட்டுக்கு மாறினோம். செம்மண் தடமும் போயிற்று, அதற்குப் பக்கத்தில் அவர் கால் போட்ட தடமும் போயிற்று. தார்ச்சாலையிலும் ஓரமாகத்தான் நடந்தார். அதை மாற்ற வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

2003இல் மகளைப் பார்க்க கிளந்தான் போனோம், ஜெரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை வழியாக. 1982இல் அந்தச் சாலை திறக்கும்வரை, அதைப் போட்டவர்களுக்குக் காவலாக நின்ற படைகளில் இவரும் இருந்திருக்கிறார். பஸ் ஒரு வளைவில் திரும்பும்போது என் முழங்கையை இடித்து, "அதோ, அந்த மூங்கில் புதருக்குக் கீழே தண்ணீர் எடுப்போம். நல்ல தண்ணீர்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஜெலி வரும்வரை பேரனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

2004இல் முதல் மாரடைப்பு. 2011வரை வேன் ஓட்டினார். 2015இல் தூக்கத்திலேயே போய்விட்டார். பதினாறு முடிந்த பிறகு ஓய்வூதியத் தாள்களைத் தேடி பிஸ்கட் டின்னைத் திறந்தேன். எல்லாம் வரிசையாக இருந்தன. சத்தியப் பத்திரம், திருமணப் பத்திரம், சேவைப் புத்தகம், முன்னாள் படைவீரர் அட்டை. மேலே ஒரு 555 புத்தகம். முதல் பக்கத்தில் 2004ஆம் வருடத் தேதி போட்டு, கட்டளைபோல எழுதியிருந்தார்:

"நான் இல்லாவிட்டால். மரணப் பத்திரம் ஆறு நகல். அடையாள அட்டையை ஒப்படைக்கும் முன் நகல் எடுக்கவும். ஓய்வூதியம்: நீயே நேரில் போ, யாரையும் அனுப்பாதே. தெலுக் இந்தானுக்குத் தகவல் சொல். வேனை அவசரப்பட்டு விற்காதே, பரீட்சை முடியும்வரை யாரையாவது ஓட்டச் சொல். மழை நாளில் பாலத்தடியில் நிற்கும் இரண்டு பிள்ளைகளை முதலில் ஏற்றவும், அங்கே ஒதுங்க இடமில்லை. இடது பின் சக்கரத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் காற்று."